ரொட்டிப் பெட்டியின் பல்பு

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும், என் பட்டறையில் இருக்கும் ரொட்டிப் பெட்டியின் பல்பு போய்விட்டது. காலையில் சுவிட்சைப் போட்டேன். ஒரு கணம் வெளிச்சம் கூடுதலாக வந்து, டக்கென்று அணைந்தது. கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். உள்ளே அறுந்த கம்பி கிலுகிலுத்தது. முப்பது வருஷமாக ஜமுனாமரத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டியும், மிக்ஸியும் ஃபேனும் பழுது பார்த்தும் பிழைக்கிறவன் நான். ஃப்யூஸ் போன பல்பு எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பால வர்றேங்க" என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார்.

ரொட்டிப் பெட்டி என்றால் ரொட்டி வைக்கும் பெட்டி இல்லை. பிசைந்த மாவு எழும்பி வருவதற்காக இதமான சூட்டில் வைத்திருக்கிற பெட்டி. பெரிய ரொட்டிக்கடைகளில் இதற்கென்று ஓர் அறையே இருக்கும். என்னுடையது ஒரு பழைய ஷட்டர் டிவியின் மரக்கூடு. எங்கள் பஞ்சாயத்தின் பொது டிவி அது. பிக்சர் டியூப் போய் ரிப்பேருக்கு வந்தது. அதற்குள் வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டதால், அதைக் கேட்டு யாரும் வரவே இல்லை. இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மடக்குக் கதவுகளோடு பதினைந்து வருஷம் மூலையில் கிடந்தது. அதை என் மனைவிக்காகத்தான் ரொட்டிப் பெட்டியாக மாற்றினேன். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

அவள் கணியம்பாடிப் பக்கத்துப் பெண். கீழே சமவெளியில் வளர்ந்தவள், மலைக்காரனைக் கட்டிக்கொண்டு மேலே வந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனாலோ என்னவோ, நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே காலத்தைத் தள்ளினோம். நாற்பத்தாறு வயதில் அவளுக்குக் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. திருப்பத்தூரில் பரிசோதித்தபோது இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டும். தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும். கீரையும் பருப்பும் வாழைப்பழமும் கூடாது, சாமைச் சோறு கொஞ்சம்தான், உப்பு கூடவே கூடாது. விதவிதமாகக் குழம்பு வைத்துப் பழகிய கை அவளுடையது. உப்பில்லாத கஞ்சியை இரண்டு வாய் குடிப்பாள், மூன்றாவது வாய் வாந்தியாக வந்துவிடும். ஒரு மாதத்தில் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

ஒருநாள் அவளுக்கு ரொட்டி தின்ன வேண்டும் என்று ஆசை வந்தது. எங்கள் பக்கத்தில் ரொட்டி நோயாளியின் சாப்பாடு. காய்ச்சல் வந்தால்தான் ரொட்டி. மலைப் பேருந்தில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு ஏறினால், கண்டக்டரிலிருந்து பின் சீட்டுக்காரர் வரை "வூட்ல யாருக்கு இன்னா?" என்று கேட்டுவிடுவார்கள். சின்ன வயதில் இவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் இவளுடைய அப்பா வேலூரிலிருந்து தாளில் சுற்றி ரொட்டி வாங்கி வருவாராம். அதற்காகவே காய்ச்சல் வரட்டும் என்று மழையில் நனைவாளாம். அந்த நினைப்பில் ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேட்டாள். கடை ரொட்டியில் உப்பு நிறைய இருக்கும், தொடவே கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். வெளியே வந்து பேருந்து நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாள். "காய்ச்சக்காரங்களுக்கு ரொட்டி. எனக்கு அதுகூட இல்லியாங்க?" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள் என்பதால்தான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எதைப் பார்த்தாலும், இதை நானே செய்துவிடலாமே என்று கை அரிக்கும். அந்த பெஞ்சுக்கு எதிரே ஒரு ரொட்டிக்கடை இருந்தது. வாணியம்பாடியிலிருந்து வந்து கடை போட்ட ஒரு பாய் நடத்துகிறார். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பப்ஸ் அடுக்கி, சூடு ஆறாமல் இருக்க உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருந்தார். அந்தப் பல்பைப் பார்த்ததும் எனக்கு என் மூலையில் கிடந்த டிவிக் கூடு ஞாபகம் வந்தது. பாயிடம் போய், உப்பில்லாமல் ரொட்டி போட முடியுமா என்று கேட்டேன். அவர் என்னையும் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளையும் பார்த்தார். "போடலாம்ணே. ஆனா உப்பு இல்லன்னா மாவு அடங்காது. வண்டிக்கு பிரேக்கு எப்டியோ அப்டி. சல்லுனு ஏறும், பொசுக்குனு வுழுந்துரும். கடை ரொட்டியாட்டம் கண்ணுக்கு லட்சணமா வராது, தின்ன நல்லாருக்கும். அது போதும்னா போடுங்க" என்றார். ஈஸ்ட்டும் பழைய தகர அச்சு ஒன்றும் கொடுத்தார். அது போதும்னா என்று அவர் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அந்த வாரமே வேலையைத் தொடங்கினேன். டிவியின் வயிற்றில் இருந்த எல்லாவற்றையும் பிடுங்கினேன். ஃப்ரிட்ஜ் பெட்டியில் வந்த தெர்மாகோலை அறுத்து நாலு பக்கமும் பதித்தேன். முன்பக்கம் டியூப் இருந்த இடத்தில் ஒரு கண்ணாடி, அடியில் ஒரு பல்பு, பல்புக்குப் பக்கத்தில் காற்று காய்ந்துவிடாமல் இருக்க ஒரு கிண்ணம் தண்ணீர், மேலே பழைய ஃப்ரிட்ஜின் கம்பித் தட்டு. முதலில் நூறு வாட் பல்பு போட்டேன். மாவின் மேல்தோல் அப்பளமாகக் காய்ந்தது, தெர்மாகோல் உருகி வீடெங்கும் நாற்றம். "கரண்ட்டு ஆபீஸ்காரன் வரதுக்குள்ள நிறுத்துங்க" என்று அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு நாற்பது வாட்டுக்கு இறங்கினேன். சூட்டைக் கூட்டிக் குறைக்க, பழைய டப்பா மாடல் ஃபேன் ரெகுலேட்டர் ஒன்றைப் பிரித்து, பல்புக்குத் தோதாக நானே உள்ளே காயில் கட்டி, பெட்டியின் பக்கவாட்டில் பொருத்தினேன். அவசரத்தில் காயிலைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டிவிட்டேன். போட்டால் மெல்ல உறுமும். வேறொருவர் கட்டியிருந்தால் பிரித்துக் கட்டு என்று திட்டியிருப்பேன். என்னுடையது என்பதால் விட்டுவிட்டேன்.

மலையில் மார்கழிக் குளிரில் மாவைச் சும்மா வைத்தால் சாயங்காலம் வரைக்கும் குழவிக்கல் மாதிரி அப்படியே கிடக்கும். பெட்டியில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் கிளம்பியது. அவளுக்கு அதைப் பார்ப்பதில் அப்படியொரு ஆசை. சுத்திகரிப்பு முடிந்து வருகிற நாட்களில் அவளுக்கு எலும்புக்குள் குளிரும். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க என் தோளில் சாய்ந்து நடுங்கிக்கொண்டே வருவாள். வீட்டுக்கு வந்ததும் பட்டறையில் பெட்டிக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்து, மடக்குக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, இரண்டு கைகளையும் உள்ளே நீட்டிக்கொள்வாள். பல்பின் மஞ்சள் வெளிச்சம் முகத்தில் விழும். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, இன்னா படம் ஓடுது?" என்று கேட்பார்கள். "மாவு ஏறுது, குந்தி பாரு" என்பாள். சிலர் உண்மையாகவே உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு காலத்தில் எங்கள் ஊரே உட்கார்ந்து பார்த்த டிவி அது.

சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் வெப்பமானி தேடிக்கொண்டிருந்தேன். அவள் கையை உள்ளே விட்டு, "மூணுல வைங்க, போதும்" என்றாள். அன்றிலிருந்து ரெகுலேட்டர் மூன்றில்தான் இருந்தது. அவளுடைய கைக்கு எது இதமோ அது மாவுக்கும் இதமாக இருந்தது.

அந்தக் கையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். சுத்திகரிப்பு ஊசி போடுவதற்காக அவளுடைய இடது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாக இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று அதிரும். டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் கை வைத்தால் தெரிகிற அதே அதிர்வு. தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள், அதிர்வு நின்றால் உடனே ஓடி வாருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். விடிந்ததும் அவள் கையை நீட்டி, "இன்னாங்க, கரண்ட் இருக்குதா?" என்று கேட்பாள். நான் விரலை வைத்துப் பார்த்து, "இருக்குது" என்பேன். அதற்குப் பிறகுதான் எழுந்திருப்பாள். இரண்டு வருஷம் ஒருநாள் தவறாமல் இது நடந்தது.

ரொட்டியை நான் குக்கரில் சுட்டேன். பெரிய அலுமினிய குக்கரில் ரப்பரையும் விசிலையும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு கிலோ கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, அச்சை இறக்கி மூடிவிடுவேன். உப்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடியில் ஒரு கிலோ உப்பு, மேலே உப்பே இல்லாத ரொட்டி. அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பாய் சொன்னது சொன்னபடியே நடந்தது. பெட்டியில் மாவு பால் பொங்குவது போல் எழும்பும், குக்கருக்குப் போனதும் நடுவில் அமுங்கிவிடும். வெளியே எடுத்தால் நெற்றியும் தாடையும் தூக்கிக்கொண்டு, மூக்கு மட்டும் உள்ளே போன முகம். முதல்நாளே அவள் அதற்குப் பெயர் வைத்துவிட்டாள்: சப்பமூக்கரு. "சப்பமூக்கரு வந்துட்டாரா?" என்று கேட்டுத் தட்டை நீட்டுவாள். அளந்து கொடுத்த பாலில் தொட்டு இரண்டு துண்டு தின்பாள். வாந்தி நின்றது. வளையல் கொஞ்சம் இறுகியது. எனக்கு அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

கணியம்பாடியிலிருந்து அவளுடைய தம்பி அக்காவைப் பார்க்க வந்தான். நல்ல பையன்தான், வாய்தான் சும்மா இருக்காது. தட்டில் இருந்ததைப் பார்த்து, "இன்னா மாமா, ரொட்டின்னீங்க. ஊத்தப்பமாட்டம் கீது?" என்றான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே எனக்கு எரிந்தது. ஊருக்கெல்லாம் மோட்டார் ஓட வைக்கிறவன், ஒரு ரொட்டியை நிமிர்ந்து நிற்க வைக்க முடியவில்லையே என்று. அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் செய்யாத வித்தை இல்லை. மாவைக் கெட்டியாகப் பிசைந்தேன், ஈஸ்ட்டைக் குறைத்தேன், ரெகுலேட்டரை இரண்டில் வைத்துப் பார்த்தேன். என்ன செய்தாலும் சப்பமூக்கரே வந்து உட்கார்ந்தார். அவளுக்கு அவர்மேல் எந்தப் புகாரும் கிடையாது. புகார் எனக்கு மட்டும்தான் இருந்தது.

பொங்கலுக்கு மச்சான் மறுபடி வருவதாகச் சொன்னான். பொங்கலன்று காலை மாவு பிசையும்போது, நான் அரை ஸ்பூன் உப்பை எடுத்துப் போட்டேன். மறந்துபோய்ப் போடவில்லை, கை தவறியும் போடவில்லை. அவள் கொல்லையில் இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டுதான் போட்டேன். ஒரு ரொட்டியில் அரை ஸ்பூன், அவள் தின்பது இரண்டு துண்டு, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று ஒரு கணக்கும் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போது என் கையை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு மாவு அவசரப்படாமல் எழும்பியது. குக்கரைத் திறந்தபோது ரொட்டி கோபுரமாக நின்றது. மேலே அரக்கு நிறம், தட்டினால் டொக்கென்ற சத்தம். மச்சான் வாயைப் பிளந்து ஃபோனில் படம் பிடித்தான். "மாமா, கடையே போடலாம்" என்றான். நான் முதல் துண்டை அறுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் வாயில் வைத்தாள். மெல்லுவது ஒரு கணம் நின்றது. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்து, "உங்க மாமாவ இன்னான்னு நெனச்ச?" என்று சொல்லிவிட்டு, மெதுவாக மென்று விழுங்கினாள். இரண்டாவது துண்டையும் தின்றாள். அந்தப் பார்வையை நான் மெச்சுதல் என்று எடுத்துக்கொண்டேன். உப்பு நாக்கில் பட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனவளுக்கு, அரை ஸ்பூன் உப்பு தெரியாமலா இருக்கும்? அப்போது அது எனக்கு உறைக்கவில்லை, அல்லது உறைக்க நான் விடவில்லை.

மச்சான் அன்று சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டான். உப்பும் அன்றோடு போயிருக்க வேண்டும். ஆனால் அழகான ரொட்டியைப் பார்த்துவிட்ட எனக்கு மறுபடி சப்பமூக்கரிடம் போக மனசில்லை. இரண்டு வாரத்தில் நாலு ரொட்டி போட்டேன், நாலிலும் உப்பு. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர்ச் சொம்பை அடிக்கடி பார்ப்பாள். ஒருநாள் பெட்டிக்குள் வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்து உதட்டில் தடவிக்கொண்டதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எடை பார்க்கிற மெஷினில் ஏறி நின்றபோது நர்ஸ் முகம் மாறியது. மூன்று நாளில் ஏறக்கூடாத எடை ஏறியிருந்தது. மூச்சு வாங்கியது. "இன்னாமா இது? இவ்ளோ தண்ணி ஏத்திக்கினு வந்திருக்க? உப்பு சாப்ட்டியா? உண்மையச் சொல்லு" என்றார். நான் ஒரு கையில் பை, ஒரு கையில் அவள் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "உப்பத் தொடவேயில்லீங்க சிஸ்டர். இவுரு குக்கர்ல அடியில ஒரு கிலோ உப்பக் கொட்டித்தான் ரொட்டி சுடுறாரு. அது ஆவியில ஏறிக்கிச்சோ இன்னாவோ" என்றாள்.

கல்லுப்பு ஆவியாகி ரொட்டிக்குள் ஏறாது. அது எனக்குத் தெரியும், நர்ஸுக்கும் தெரிந்திருக்கும், எட்டாவது வரை படித்த அவளுக்கும் நன்றாகத் தெரியும். முதல் வாயிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அந்த இடத்தில்தான். நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்டீங்களா? இனிமே மணல் போட்டுச் சுடுங்க" என்றார். நான் "சரிங்க சிஸ்டர்" என்றேன். அவர்கள் அவளைப் படுக்க வைத்து ஊசியைக் குத்தினார்கள். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது, கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்து அவள் கதறினாள். நான் காலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நான் ஓடைக்குப் போய் ஒரு வாளி மணல் அள்ளி வந்தேன். சலித்து, நாலு தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, குக்கரிலிருந்த கல்லுப்பைக் கொட்டிவிட்டு மணலைப் பரப்பினேன். எங்கள் இரண்டு பேருக்குமே பொய் என்று தெரிந்த ஒரு பொய்க்காக நான் மணல் கழுவிக்கொண்டிருந்தேன்; அவள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாவில் உப்புப் போடவில்லை. குக்கரைத் திறந்தால் நடுவில் குழி. தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "பாத்தீங்களா, மணல் போட்டதும் சப்பமூக்கரு திரும்பி வந்துட்டாரு" என்றாள். சொல்லிவிட்டு ஒரு துண்டைப் பிய்த்து என் வாயிலும் வைத்தாள். இரண்டு வாரமாக அவள் என்மேல் கோபமாக இருந்திருந்தால், அது அந்தத் துண்டோடு முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அவள் மன்னித்துவிட்டாள். ஆனால் நான் கேட்கவில்லையே. நான்தான் போட்டேன், மச்சான் சிரித்தானே என்று போட்டேன், உனக்காகப் போடவில்லை, எனக்காகப் போட்டேன் என்று மூன்று நாலு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு ஒன்பது மாதம் இருந்தது. ஒவ்வொரு காலையும் அவள் கையை நீட்டி, "கரண்ட் இருக்குதா?" என்று கேட்கும்போது, விரலை வைத்துக்கொண்டு இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். "இருக்குது" என்று மட்டும் சொல்வேன். அவள் எழுந்து போய்விடுவாள். தெரிந்ததை எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சமாதானமும் செய்துகொண்டேன். உண்மையில், சொன்னால் அவள் ஒருமுறையாவது என்னை வேறு மாதிரிப் பார்த்துவிடுவாளோ என்ற பயம்தான்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். திருப்பத்தூரிலேயே சேர்த்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் கொஞ்சம் இறங்கி, கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டில் எதிர்க்கட்டில்காரருக்கு யாரோ ரொட்டிப் பாக்கெட் வாங்கி வந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் நான் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். குனிந்து, "அன்னிக்கு அந்த ரொட்டில..." என்று ஆரம்பித்தேன். அவள் என் வாயைக் கையால் பொத்தினாள். கை நெருப்பாகச் சுட்டது. "இப்போ எதுக்குங்க ரொட்டி? பசிக்கல" என்றாள். பிறகு இடது கையை என் பக்கம் நகர்த்தி, "கரண்ட் இருக்குதா பாருங்க" என்றாள். சாயங்காலத்தில் அதை அவள் கேட்டதே இல்லை. விரலை வைத்தேன். மிக மெல்லிசாக இருந்தது, தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. "இருக்குது" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு எதுவும் இல்லை. மறுநாள் விடிகிற நேரத்தில், அவள் கேட்காமலே நான் தொட்டுப் பார்த்தேன். இல்லை.

காகிதங்களில் கையெழுத்துப் போடும்போது டாக்டரிடம் கேட்டேன். "அந்த உப்பால ஆகியிருக்குமா சார்?" அவர் நல்ல மனிதர், களைத்துப் போயிருந்தார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "எந்த உப்பு?" என்றார். இந்த உலகத்தில் அந்த உப்பைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் போய்விட்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. டாக்டர் என் தோளைத் தட்டி, "கிருமிதாங்க. மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். அவர் சொன்னது மருத்துவப்படி சரியாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு நான் ரொட்டி போடவில்லை. மணலோடு குக்கர் அப்படியே பரணில் இருக்கிறது. பெட்டியை மட்டும் தினமும் காலையில் கொஞ்ச நேரம் போட்டு வைப்பேன். உள்ளே எதுவும் இருக்காது. பட்டறைக்கு வருகிறவர்கள் ஆரம்பத்தில் கேட்டார்கள், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். அந்தப் பல்புதான் இந்த மார்கழியில் போனது. இருந்த எல்.ஈ.டி. பல்பு ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தேன். பளிச்சென்று வெள்ளை வெளிச்சம் வந்தது. கையை உள்ளே விட்டால் பெட்டி ஜில்லென்று கிடந்தது. ரெகுலேட்டரும் சத்தமில்லாமல் இருந்தது. இந்தப் பல்பு இழுக்கிற மின்சாரம் அந்தக் காயிலுக்குப் போதவில்லை. எங்கள் ஊரில் ஒரு கடையிலும் குண்டு பல்பு இல்லை, சந்தையிலும் இல்லை. இப்போ யாரு அதைக் கேக்கறாங்க என்றார்கள்.

வேறு வழி தெரியாமல் திருப்பத்தூர் இறங்கினேன். மூன்று வருஷமாக அந்தப் பேருந்து நிலையப் பக்கமே நான் போனதில்லை. பெஞ்ச் அதே இடத்தில் இருந்தது. எதிரே ரொட்டிக்கடையில் பாய் நரைத்துப் போயிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, கடைக்குள்ளிருந்து வெளியே வந்து கையைப் பிடித்தார். "கேள்விப்பட்டேன்ணே" என்று மட்டும் சொன்னார். எந்தக் கடையில் குண்டு பல்பு கிடைக்கும் என்று கேட்டேன். "மறுபடி ரொட்டி போடறீங்களா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். எரிந்துகொண்டிருந்த பல்பைத் தோள் துண்டால் பிடித்துக் கழற்றி, தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "இருக்கறது இதுதான். நான் வேற பாத்துக்கறேன், கொண்டு போங்க" என்றார். பேருந்தில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர், ரொட்டி என்று நினைத்திருப்பார் போல, "வூட்ல யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார். "எனக்கு" என்று சொன்னேன்.

இன்று காலை அதை மாட்டினேன். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மடக்குக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, அவள் உட்காருகிற இடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். மஞ்சள் வெளிச்சம் கண்ணாடி வழியாக என் முழங்கால் வரைக்கும் வந்தது. கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் சூடு ஏறியது. பக்கவாட்டில் ரெகுலேட்டர் மேல் விரலை வைத்தேன். நான் தளர்வாகக் கட்டிய காயில் உள்ளே விர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது. அவளுடைய மணிக்கட்டில் இருந்தது போலவே, அவ்வளவு மெல்லிசாக. விரலை எடுக்காமல், "உப்ப நான்தான் போட்டேன்" என்று சொன்னேன். பட்டறையில் யாரும் இல்லை. அதிர்வு நிற்கவில்லை. ரெகுலேட்டரை மூன்றிலிருந்து ஒன்றுக்குக் குறைத்து வைத்தேன். இந்தப் பல்பு இன்னும் கொஞ்ச நாள் வர வேண்டும்.